அந்த அரை மணி நேரத்தைக் கடக்கச் செய்வோம்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டப் பிள்ளைகளும் அவர்களைப் பார்க்க மலையிலிருந்து வந்த குடும்பத்தினரும் பாமன்கடையில் ஒன்றுகூடியபோது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் வந்திருக்கிறீர்கள். வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிகளும் வந்திருக்கிறீர்கள். இன்று உங்களுக்கு லீவு நாள். அதை எங்களுக்காக விட்டுக்கொடுத்து வந்ததற்கு முதலில் நன்றி.

சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, காணி உரிமை பற்றி எல்லாக் கூட்டத்திலும் கதைக்கிறோம். இன்று கதைக்கப்போவது மரண வீட்டில் கூட நாம் குரலைத் தாழ்த்திக் கதைக்கும் ஒரு விடயம். எமது லயங்களில் மருந்தைக் குடித்து உயிரை விட்டவர்களைப் பற்றியது அது. அப்படி ஒரு பெயர் நினைவுக்கு வராத தோட்டக் குடும்பம் இந்த மண்டபத்தில் இருக்குமா என்பது சந்தேகமே. யாருடைய பெயரையும் நாம் இங்கே சொல்லப்போவதில்லை. அந்தக் குடும்பங்களுக்கு வலி போதும். ஆனால், இந்த மரணங்களைத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு இந்த நாட்டிலேயே பதில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அரசாங்க வைத்தியசாலை வைத்தியர்களும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்த வேலை அது. உலகம் அதை இலங்கையின் பாடம் என்று படிக்கிறது. நாமும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணத் தொடங்கியவர்கள்

1950ஆம் ஆண்டுக்கும் 1995ஆம் ஆண்டுக்கும் இடையில் இலங்கையில் உயிரை மாய்த்துக்கொள்வோரின் விகிதம் எட்டு மடங்காக உயர்ந்தது. 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற நிலை. அக்காலத்தில் உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. இந்த உயர்வில் பெரும் பங்கு விவசாய இரசாயனங்களால் வந்தது. பசுமைப் புரட்சி என்ற பெயரில் வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்த மருந்துப் போத்தல்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன.

1982இல் ஜெயரத்தினமும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஆண்டுதோறும் சுமார் 13,000 பேர் பூச்சிமருந்து நஞ்சால் இலங்கை வைத்தியசாலைகளில் சேர்க்கப்படுகிறார்கள், அவர்களில் சுமார் 1,000 பேர் இறக்கிறார்கள் என்றது அந்தக் கணக்கு. நான்கில் மூன்று பங்கினர் அளவில் தாமாகக் குடித்தவர்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் வேலை செய்யும்போதோ தற்செயலாகவோ நஞ்சேறியவர்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை நாம் மறக்கக்கூடாது தோழர்களே. முதுகில் டாங்கியைச் சுமந்து மலையில் மருந்தடிக்கும் எமது ஆட்கள் அதற்குள் வருகிறார்கள்.

1987இல் பேராதனையிலிருந்து இன்னொரு முக்கியமான செய்தி வந்தது. நிமல் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த என்ற இரு வைத்தியர்கள் ஒரு விடயத்தைக் கவனித்தார்கள். சில வகைப் பூச்சிமருந்தைக் குடித்தவர் முதல் நாள் சிகிச்சையில் தேறுகிறார், கதைக்கிறார். ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் திடீரென்று அவருடைய கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துவிடுகின்றன. மூச்சு இயந்திரம் இல்லாவிட்டால் உயிர் போகும். அமெரிக்காவின் பெரிய மருத்துவ சஞ்சிகை அதை வெளியிட்டது. இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

இது எமக்கு எதற்கு? “பிள்ளை எழும்பி உட்கார்ந்துவிட்டான், வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம்” என்று வார்ட்டில் சண்டை பிடிக்கும் வழக்கம் எம்மிடம் இருக்கிறது. வேலை நாள் போகிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் தனியாக இருக்கின்றன, பஸ் காசு இல்லை என்று காரணங்களும் உண்மையானவைதான். ஆனாலும் வைத்தியர் நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும். ஆபத்து முதல் நாளோடு முடிவதில்லை.

போத்தலை மாற்றினார்கள், மரணம் குறைந்தது

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த நாட்டில் ஒரு பதிவாளரை உருவாக்கியது. எந்த மருந்தை நாட்டுக்குள் விடுவது, எதை நிறுத்துவது என்ற அதிகாரம் அவருக்கு வந்தது. அந்த அதிகாரத்தைப் படிப்படியாகப் பாவித்தார்கள். 1984இல் பரத்தியோன், மெதைல் பரத்தியோன் நிறுத்தப்பட்டன. 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் உட்பட உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என்று முதலாம் வகுப்பில் வைத்த மருந்துகளில் மிஞ்சியிருந்தவை நிறுத்தப்பட்டன. அவற்றின் இடத்துக்கு எண்டோசல்பான் வந்தது. வலிப்பு வந்து இறப்பவர்கள் அநுராதபுரம் வைத்தியசாலையில் கூடுவதை வைத்தியர்கள் கண்டார்கள். 1998இல் அதுவும் நிறுத்தப்பட்டது. அந்த வகை மரணங்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்தன.

இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். வார்ட்டில் எண்ணுகிறார்கள். எது கொல்கிறது என்று பெயர் சொல்கிறார்கள். பதிவாளர் அந்தப் பெயரை நிறுத்துகிறார். பிறகு மீண்டும் வார்ட்டில் எண்ணுகிறார்கள்.

2007இல் டேவிட் கன்னல் என்ற பிரித்தானியப் பேராசிரியரும் இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து கணக்கை முழுதாகப் பார்த்தார்கள். 1995இல் உச்சத்தில் நின்ற விகிதம் 2005ஆம் ஆண்டளவில் பாதியாகியிருந்தது. 1986 முதல் 1995 வரையான பத்து ஆண்டுகளோடு ஒப்பிட்டால் 1996 முதல் 2005 வரை ஏறக்குறைய 20,000 மரணங்கள் குறைவு. வேலையில்லாமை குறைந்ததா, மதுப் பாவனை குறைந்ததா, யுத்தம் காரணமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எதுவும் இந்த வீழ்ச்சியோடு பொருந்தவில்லை. பொருந்தியது தடைகளின் காலம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் நஞ்சு குடித்து வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகை குறையவில்லை. மக்களின் துயரம் அப்படியே இருந்தது. குடித்த பொருள் மாறியதால் அவர்கள் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த தடை எமது தோட்டங்களை நேரடியாகத் தொட்டது. பராகுவாட் என்ற புல் மருந்து, கிரமொக்சோன் என்ற பெயரில் உங்களில் வயதானவர்கள் அறிந்தது. அதற்கு மாற்று மருந்து இல்லை. நுரையீரலை நாள் கணக்கில் கெடுத்துக் கொல்லும். மனம் மாறி, வாழ வேண்டும் என்று அழுதுகொண்டே இறந்தவர்களை வைத்தியர்கள் பார்த்திருக்கிறார்கள். டைமெதோயேட், பெந்தியோன் ஆகியவற்றோடு பராகுவாட்டும் 2008 முதல் 2011 வரையான காலத்தில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. 2011க்கும் 2015க்கும் இடையில் பூச்சிமருந்தால் நேர்ந்த மரண விகிதம் பாதியாகக் குறைந்தது. உயிர் மாய்ப்பின் மொத்த விகிதமும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

1995 முதல் 2015 வரை இந்தத் தடைகள் சுமார் 93,000 உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. தடைக்கு அரசாங்கம் செய்த நேரடிச் செலவு ஓர் உயிருக்கு 50 அமெரிக்க டொலருக்கும் குறைவு.

“மருந்தை நிறுத்தினால் விளைச்சல் விழும், உங்கள் வேலைதான் போகும்” என்று எமக்குச் சொல்லப்படும். 1995, 1998 தடைகளுக்குப் பிறகு விளைச்சல் விழுந்ததா என்று அன்றைய பதிவாளர் மனுவீரவும் ஆய்வாளர்களும் 2008இல் பார்த்தார்கள். தடையால் விளைச்சல் விழுந்ததற்கு அடையாளம் கிடைக்கவில்லை.

2021ஆம் ஆண்டைக் காட்டி யாராவது எதிர்க் கேள்வி கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த ஆண்டு இரசாயன உரம், மருந்து எல்லாவற்றின் இறக்குமதியையும் ஒரேயடியாக நிறுத்தினார்கள். தேயிலை உற்பத்தி 2021இல் 299 மில்லியன் கிலோவாக இருந்து 2022இல் 251 மில்லியன் கிலோவாக விழுந்தது. உரம் இல்லாத செடியில் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லாத மலையில் எமக்கு நாட்கூலி இல்லை. அந்த அடியை நாம்தான் வாங்கினோம். ஆனால் அந்தத் தடையும் நாம் சொல்லும் தடையும் ஒன்றல்ல. ஒன்று, எந்த மருந்து ஆளைக் கொல்கிறது என்று வைத்தியசாலையில் எண்ணி, பதிலுக்கு என்ன பாவிப்பது என்று பார்த்து, ஆண்டுக்கணக்கில் படிப்படியாகச் செய்தது. மற்றது யாரையும் கேட்காமல் திடீரென்று செய்தது. இரண்டாவதன் தோல்வியைக் காட்டி முதலாவதைக் கைவிடச் சொன்னால் நாம் ஏற்கக்கூடாது.

அரை மணி நேரம்

ஏன் போத்தலை மாற்றினால் உயிர் மிஞ்சுகிறது? “சாக வேண்டும் என்று முடிவெடுத்தவன் எப்படியும் செத்துவிடுவான்” என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

மைக்கல் எடில்ஸ்டன் என்ற வைத்தியரும் இலங்கை ஆய்வாளர்களும் நஞ்சு குடித்து உயிர் தப்பியவர்களிடம் வார்ட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் அரை மணி நேரம் கூட யோசித்திருக்கவில்லை. எதைக் குடிப்பது என்றும் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கவில்லை. கைக்கு எட்டியதை எடுத்தார்கள்.

எமது லயத்து வாழ்க்கையை வைத்து இதை யோசித்துப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா. ஒரு சத்தம் வந்தால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். சம்பள நாளில் புருஷன் குடித்துவிட்டு வருகிறான், கை நீட்டுகிறான். ஒரு பெண் பிள்ளை யாரோடோ கதைத்தாள் என்று அண்ணன் எல்லோர் முன்னிலையிலும் அடிக்கிறான். மாமியார் ஒரு சொல் சொல்கிறார். மைக்ரோ கடன்காரர் வாசலில் நிற்கிறார். அந்த நேரத்தில் ஓடி ஒளிய ஓர் அறை கிடையாது. அவமானமும் கோபமும் ஒன்றாக ஏறும் அரை மணி நேரம் அது. அதைக் கடந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் அடுத்த நாள் காலை பெரட்டுக்கு வருகிறார்கள், கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் கையில் கிடைப்பது என்ன என்பதில்தான் அவர்களுடைய உயிர் தங்கியிருக்கிறது.

சரிவராத முயற்சியும் பாடம்தான்

அப்படியானால் மருந்தைப் பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். அதையும் பரீட்சித்தார்கள். அநுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்கள், 53,000க்கும் அதிகமான வீடுகள். பாதிக் கிராமங்களில் விவசாயக் குடும்பங்களுக்குப் பூட்டுப் போடக்கூடிய பெட்டிகள் கொடுத்தார்கள். மறு பாதிக்குக் கொடுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் கவனித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். பெட்டி கொடுத்த கிராமங்களில் நஞ்சு குடிப்பது குறைந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. சாவி எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பெட்டியைப் பூட்டாமல் விடுவதும் நடக்கும்.

மருந்துக் கம்பனிகள் இந்தப் பெட்டி யோசனையை விரும்பின. ஏனென்றால், பெட்டி கொடுத்துவிட்டால் பொறுப்பு வீட்டுக்காரன் தலையில் விழும், கொடிய மருந்து கடையிலேயே இருக்கும். ஆய்வு அந்த வழியை மூடிவிட்டது. கொல்லும் மருந்தைச் சந்தையிலிருந்து எடுப்பதே வழி.

வைத்தியத்திலும் அப்படித்தான். நஞ்சு குடித்தவருக்குக் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பிழைப்பாரா என்று மூன்று இலங்கை வைத்தியசாலைகளில் 4,600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்தார்கள். பயன் தெரியவில்லை என்று 2008இல் வெளியிட்டார்கள். வயிற்றைக் கழுவுவதைத் தவறாகச் செய்தால் அதுவே ஆளைக் கொல்லும் என்பதையும் இங்குள்ள வைத்தியர்கள்தான் எழுதினார்கள். இந்த ஆய்வுகளுக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் ஏழை விவசாயிகளும் கூலித் தொழிலாளிகளும். அதனால் கிடைத்த அறிவு முதலில் அவர்களுடைய வீடுகளுக்குத் திரும்ப வேண்டும்.

எமது நாட்டின் பாடத்தை மற்ற நாடுகளும் எடுத்திருக்கின்றன. தென்கொரியா பராகுவாட்டை நிறுத்தி மரணங்களைக் குறைத்தது. தமிழ்நாட்டு அரசு 2023இன் தொடக்கத்தில் மொனோகுரோட்டோபொஸ் உட்பட ஆறு மருந்துகளை முதலில் 60 நாட்களுக்கு நிறுத்தியது. உயிர் மாய்ப்பைத் தடுப்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. நாம் 1995இல் நிறுத்திய மருந்து அங்கே அதுவரை கடையில் கிடைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வயதானவர்களின் தனிமை

இன்று இந்த நாட்டில் உயிரை மாய்த்துக்கொள்ளும் விகிதம் இளைஞரைவிட வயதான ஆண்களிடம் உயர்ந்து நிற்கிறது. இதைக் கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மேலே மலையில் பாருங்கள். அறுபது வயதில் பேர் வெட்டுகிறார்கள். கைக்கு வந்த சேமலாப நிதி ஒரு கல்யாணத்துக்கோ கூரைத் தகரத்துக்கோ போய்விடுகிறது. காம்பரா மகனின் பெயரில் இருக்கிறது. மகனும் மருமகளும் கொழும்பில், பேரப்பிள்ளை சித்தி வீட்டில். முழங்கால் வலிக்கும் கண் மங்கலுக்கும் டிஸ்பென்சரியில் ஒரே வில்லைதான். முன்பு கங்காணியாக நாற்பது பேருக்குக் குரல் கொடுத்த ஆள், இப்போது ஒரு நாளில் நாலு வார்த்தை கதைக்க ஆளில்லாமல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார்.

“நான் இருந்து என்ன பிரயோசனம்” என்று அப்பாவோ தாத்தாவோ சொன்னால் அதை வயதானவர் புலம்பல் என்று தட்டிவிடாதீர்கள். அது ஒரு கேள்வி. உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி. “சாக வேண்டும் போல இருக்கிறதா” என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் எண்ணம் வளர்வதில்லை. கேட்டால் பலர் அழுதுவிட்டு மனம் விட்டுக் கதைக்கிறார்கள்.

கொழும்பில் இருக்கும் பிள்ளைகளே, இது உங்கள் வேலை. காசு அனுப்புகிறீர்கள், நல்லது. போன் எடுக்கும்போது “காசு கிடைத்ததா” என்பதோடு வைக்காதீர்கள். சாப்பிட்டாரா, யார் வந்து போனார்கள், இரவில் தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். நீங்களும் இங்கே தனிமையில்தான் இருக்கிறீர்கள் என்பது எமக்குத் தெரியும். கடையின் மேல்மாடியில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் இருந்தாலும் தனிமை தனிமைதான். வீட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக்குக் கதைக்க ஆளே இல்லை. அதனால் உங்களுக்குள்ளேயும் ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

யாராவது மருந்து குடித்துவிட்டார் என்று தெரிந்தால் என்ன செய்வது? வைத்தியர்கள் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், வேறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழாய்க்குள் போனால் ஆபத்து இரட்டிப்பாகும். உடுப்பில் மருந்து பட்டிருந்தால் கழற்றிவிட்டுத் தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உங்கள் கையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மயக்கமாக இருந்தால் இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். போத்தலையோ லேபலையோ கையோடு கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் வைத்தியம் சரியாக நடக்கும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. நாட்டின் எந்த வைத்தியசாலையிலிருந்தும் வைத்தியர்கள் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அம்புலன்ஸுக்கு 1990. காசு இல்லை. லயத்துக்குப் பாதை இல்லாவிட்டால் எந்தச் சந்தியில் வந்து நிற்பது என்று இப்போதே பேசி வையுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க வராது.

பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து ஒளித்து வைக்காதீர்கள். உயிரை மாய்க்க முயல்வது குற்றம் என்ற சட்டம் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. அது தெரியாமல் இன்னும் எமது ஆட்கள் “தவறுதலாகக் குடித்தது” என்று சொல்லி நேரத்தைக் கடத்துகிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள்.

ஆள் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு “எங்கள் மானத்தை வாங்கிவிட்டாய்” என்று சொல்லாதீர்கள். அடுத்த சில மாதங்கள் அவர் பக்கத்தில் ஆள் வேண்டும். மனம் தாங்காத நேரத்தில் தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐ அழைக்கலாம். 1333 என்ற இலக்கத்திலும் ஆலோசகர்களோடு கதைக்கலாம். 1974 முதல் சுமித்ரயோ நிறுவனம் காசு வாங்காமல் காது கொடுத்துக் கேட்டுவருகிறது. புருஷனோ வேறு யாரோ அடித்தால் பெண்கள் 1938ஐ அழைக்கலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். “குடும்ப விடயம், தலைவர் பேசித் தீர்ப்பார்” என்று சங்கத் தலைவர்மார் அதை மூடி வைக்கக்கூடாது. இதை எமது மாவட்டத் தலைவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

நாம் கேட்பவை

இவ்வளவும் நாம் செய்ய வேண்டியவை. நிர்வாகமும் அரசாங்கமும் செய்ய வேண்டியவை வேறு இருக்கின்றன.

முதலாவது, நிறுத்திய கொடிய மருந்துகள் எந்தப் பெயரிலும் திரும்பி வரக்கூடாது. கூலி ஆள் தட்டுப்பாடு, புல் கூடிவிட்டது என்று சொல்லி அப்படிக் கேட்போர் நாளை வரலாம். கிளைபோசேட்டை 2015இல் நிறுத்தி, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தி, பிறகு 2022இல் தடையை நீக்கிவிட்டதைப் பார்த்தோம். அந்தத் தடைக்குச் சொன்ன காரணம் வேறு, சிறுநீரக நோய் பற்றியது. ஆனால் கம்பனிகள் அழுத்தம் கொடுத்தால் தடை தளரும் என்பதை அது காட்டியது. பராகுவாட் விடயத்தில் அப்படி நடக்க விடமாட்டோம்.

இரண்டாவது, மருந்து தோட்ட ஸ்டோரிலேயே இருக்க வேண்டும். மருந்தடிக்கும் ஆள் மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் நிலை இருக்கக்கூடாது. நுவரெலியாப் பக்கம் மரக்கறி செய்யும் குடும்பங்களும் கவனியுங்கள். உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் அடிக்கும் மருந்து குசினிக்குள் இருக்கக்கூடாது. தேவையான அளவை மட்டும் வாங்குங்கள். பெட்டி தீர்வல்ல என்று சொன்னோம். அதற்காக அடுப்படியில் வைக்கச் சொல்லவில்லை.

மூன்றாவது, மருந்தடிப்பவருக்குக் கையுறை, பூட்ஸ், முகமூடி, கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் நிர்வாகம் கொடுக்க வேண்டும். எந்த மருந்து அடிக்கிறோம் என்று தமிழில் எழுதிப் பெரட்டுக் களத்தில் ஒட்ட வேண்டும்.

நான்காவது, தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து அரசாங்க வைத்தியசாலைக்கு நோயாளியை அனுப்ப இரவிலும் வாகனம் இருக்க வேண்டும். மலையக வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் தமிழில் கதைக்கும் ஆலோசகர்கள் வேண்டும். மனதில் உள்ளதை மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொல்ல முடியாது.

ஐந்தாவது, பல்கலைக்கழகங்களிடம் ஒரு கோரிக்கை. நீங்கள் செய்த பெரிய ஆய்வுகள் அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் நெல் விவசாயிகளின் ஊர்களில் நடந்தன. அவற்றால் நாடு முழுவதும் பயன் பெற்றது. இனி மலைக்கும் வாருங்கள். லயத்தில் யார், எந்த வயதில், எந்த மருந்தால், எந்த நிலையில் என்று எண்ணுங்கள். வயதானவர்களை எண்ணுங்கள். கொழும்புக்கு வேலைக்கு வந்த எமது பிள்ளைகளை எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகு முடிவைத் தமிழில் எமக்குச் சொல்லுங்கள். எமது சங்கம் கதவைத் திறந்து உதவி செய்யும்.

தோழர்களே, 1995இல் இலட்சத்துக்கு 47 பேர். 2015இல் 14 பேர். இந்த வித்தியாசம் தானாக வந்ததல்ல. வார்ட்டில் எண்ணிய வைத்தியர்களாலும் கையெழுத்துப் போட்ட அதிகாரிகளாலும் வந்தது. அந்தப் 14ஐயும் குறைப்பது எமது கையிலும் இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு வேலை செய்யுங்கள். 1990, 1926, 1333, 1938 ஆகிய நான்கு இலக்கங்களையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு மலையில் இருக்கும் உங்கள் வீட்டு முதியவருக்கு ஒரு போன் எடுங்கள். அவசரப்படாமல் கதையுங்கள்.